நோயாளிக்குரிய உண்மை

தீரா நோயுற்றவருக்கு அந்நோயை எடுத்துரைத்தல் அறமா, மறைத்தல் அறமா என்னும் வினாவை ஆராய்வதற்கு இரைப்பைப் புற்றுநோய் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தொடக்கத்தில் இந்நோய் சாதாரண அசீரணம் போலவே தோன்றும். உடல் மெலிவு, ஓயாத வாந்தி, கரிய மலம் ஆகியன கண்டு வைத்தியரை நாடும் வேளையில், அது ஈரலுக்கோ வயிற்றறைச் சவ்வுக்கோ பரவியிருத்தல் கூடும். உள்நோக்குக் குழாய் வழியாக எடுத்த சிறு இழையத் துண்டைச் சோதித்தே நோயை உறுதிசெய்கின்றனர். பரவுமுன் கண்டறிந்தால் சத்திரசிகிச்சை நோயைத் தீர்க்கவும் கூடும். தொலைவிற் பரவிய பின்னரோ, மருந்துகள் பொதுவாக வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டி வேதனையைத் தணிக்குமேயன்றிக் குணப்படுத்தமாட்டா.

யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1952இல் ஆக்கிய 'இகிரு' என்னும் திரைப்படம் இவ்வினாவிலிருந்தே எழுகின்றது. நகர அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளைக் கோப்புகளிடையே கழித்த வத்தனாபே, இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகின்றார். வைத்தியரோ இலேசான புண் என்கின்றார். அச்சொல்லின் உட்பொருளைக் காத்திருப்போர் கூடத்தில் மற்றொரு நோயாளி முன்னரே கூறிவிட்டமையால், பொய் அவரைக் காக்கவில்லை. அச்சத்தோடு தனித்திருக்கவே விட்டது.

மறைத்தல் கீழைத்தேய வழக்கம் மாத்திரமன்று. சிக்காக்கோ வைத்தியசாலையொன்றில் டொனால்ட் ஓக்கன் நடத்தி 1961இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீத வைத்தியர்கள் புற்றுநோயைக் கூறாதிருப்பதையே விரும்பினர். ஐக்கிய அமெரிக்காவில் 1979இல் வெளியான பிறிதோர் ஆய்விலோ 97 சதவீதத்தினர் கூறுவதை விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் நோயாளரின் நெஞ்சம் கல்லாகிவிடவில்லை. எனவே, 'நோயாளி தாங்கமாட்டார்' என்பது நோயாளரை ஆராய்ந்து கண்ட முடிபன்று. பெரிதும் வைத்தியரின் வழக்கமே எனலாம்.

மறைப்போர் இரக்கத்தையே காரணமாகக் காட்டுவர். அதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. வத்தனாபேயும் உண்மை அறிந்தவுடன் மதுவிலும் களியாட்டத்திலும் உழன்றார். ஆயினும், சில மாத நீட்சிக்காகக் குமட்டலையும் சோர்வையும் ஏற்பதா, வேதனை தணிக்கும் பராமரிப்போடு வீட்டிலிருப்பதா என்பது மருத்துவ வினா மாத்திரமன்று. எஞ்சிய நாட்களில் எது பெரிது என்னும் வினா அது. அதற்கு விடைகூறும் உரிமை, அந்நாட்களை வாழவேண்டியவருக்கே உண்டு. அன்பினாற் பொய்யுரைப்போரும் அவ்வுரிமையைப் பறிப்போரே ஆவர்.

அறிய விரும்பாதோரும் உளர். அறியாதிருத்தலும் அவர்தம் தெரிவாயின் மதிக்கத்தக்கதே. ஆனால், அதனை உறவினரோ வைத்தியரோ ஊகித்தல் ஆகாது. நோயாளியிடமே கேட்டறிதல் வேண்டும். அவ்வாறே, உண்மையைச் சொல்லிவிட்டு அகன்றுவிடுதலும் அறமாகாது. சொன்னவர் உடனிருத்தலும் அக்கடமையின் பாற்பட்டதே.

வத்தனாபே தம் இறுதி மாதங்களிற் கழிவுநீர் தேங்கிய நிலமொன்றைச் சிறுவர் பூங்காவாக்க உழைத்து வெற்றி கண்டார். அவர் நோயை அறிந்திருந்தாரா என இறந்த வீட்டிற் கூடிய சகாக்கள் வாதிடுகின்றனர். அவர் அறிந்திருந்தார், அதனாலேயே அப்பூங்கா எழுந்தது. அவ்வறிவை அவருக்கு அளித்தவரோ வைத்தியர் அல்லர். வழிப்போக்கர் போன்ற ஒருவரே.