விற்கத் தகுந்ததா உரிமை?

ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உரிமையை அடுத்த தலைமுறை விலைபேசி விற்கலாமா? கன்டெய்னர் வந்த காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் இந்தக் கேள்வி எழுந்தது.

சான்பிரான்சிஸ்கோவில் 1934 வரை தொழிலாளர்கள் விடியற்காலையில் கரையில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டியவருக்குத்தான் அன்று வேலை. அவ்வாண்டு வேலைநிறுத்தத்தில், ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். அதன் பிறகே முறைவைத்து வேலை தரும் கூடம் வந்தது. ஒரு தூக்குக்கு 2,100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 950 கிலோவுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் வந்தது. லாரியில் வந்த சரக்கைக் கரையில் ஒருமுறை இறக்கிவைத்து, தொழிலாளர்கள் மறுபடி எடுத்து ஏற்றும் விதியும் நிலைத்தது. முதலாளிக்கு அது வீண்வேலை, தொழிலாளிக்குச் சோறு.

1956இல் லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளோடு நூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் போனது. டன்னுக்கு 5.83 டாலராக இருந்த ஏற்றுச்செலவு 16 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. எதிர்த்து நின்று தோற்பதைவிட விலை கேட்பதே மேல் என்று தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் முடிவெடுத்தார். 1960 ஒப்பந்தப்படி, பழைய வேலைவிதிகளை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் நிதி தந்தனர். முழுப்பதிவு பெற்ற எவருக்கும் எந்திரத்தால் வேலை போகாது. 25 ஆண்டு உழைத்து 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு 7,920 டாலர்.

அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் எரிக் ஹாஃபர். பள்ளிப்படிப்பு இல்லாமலே 1951இல் ‘தி ட்ரூ பிலீவர்’ எழுதிய சிந்தனையாளர். முன்னோர் கையளித்த வேலைநிலைமைகளைப் பணத்துக்குக் கொடுக்க இன்றைய தலைமுறைக்கு உரிமையில்லை என்றார் அவர். பூர்வீகச் சொத்தில் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் பங்குண்டு என்று நம்பும் சமூகத்துக்கு இந்த வாதம் எளிதில் புரியும்.

ஆயினும் பிரிட்ஜஸ் பக்க நியாயம் வலுவானது. இறக்கிய மூட்டையையே மறுபடி ஏற்றவைப்பது மனித உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1934இல் உயிர்விட்டவர்கள் கேட்டது கூலியில் நியாயமும் நடத்தையில் கண்ணியமும். சுமை குறைந்தால் அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

குறை வேறிடத்தில் இருந்தது. அதே கரையில் அதே சுமையைத் தூக்கிய, முழுப்பதிவு பெறாத ‘பி’ பட்டியல் தொழிலாளர்கள் சங்க உறுப்பினர்கள் அல்லர். ஒப்பந்தத்தின் மீது அவர்களுக்கு வாக்கும் இல்லை. பின்னர் கன்டெய்னர் தொழில் விரிகுடாவுக்கு அக்கரையிலுள்ள ஓக்லண்டுக்கு நகர்ந்தது. சான்பிரான்சிஸ்கோவின் கப்பல் துறைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு தானியங்கி எந்திரங்களும் பிரச்சினையாயின.

உரிமையை மாற்றிக்கொள்ள ஒரு தலைமுறைக்கு அதிகாரம் உண்டு. பின்னால் வருபவரின் பங்கை ஒதுக்காமல் பேசிய விலை மட்டும் நியாயமான விலை ஆகாது.