தோல்விக்குப் பரிசு

உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்திலே அண்மையில் ஒரு விவாதம் நடைபெற்றது. "நலிந்தோர்க்குச் சலுகை அளித்தல் நலிவையே வளர்க்கும்" என்பது பொருள். சார்பாகப் பேசிய மாணவனொருவன் நாம் எதிர்பார்த்த எடுத்துக்காட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொண்டான். "அங்கே தோற்ற கழகத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள். ஆகவே கழகங்கள் தோற்பதற்கே முயல்கின்றன. ஏழைக்குக் கொடுத்தாலும் இதுதானே நடக்கும்?" என்று அவன் கேட்டபோது மன்றம் கைதட்டி மகிழ்ந்தது. நடுவராக அமர்ந்திருந்த எனக்கு உடனடியாக விடை கூற இயலவில்லை. அவன் கூறிய செய்தி உண்மை; ஆனால் அதிலிருந்து அவன் பெற்ற முடிவு உண்மையாகாது என்று உள்ளம் கூறிற்று. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

முதலிற் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகின்றது. புதிதாகத் தொழிலுக்குள் வரும் இளம் ஆட்டக்காரன் தனக்கு விருப்பமான கழகத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. கழகங்களே முறை வைத்து அவனைத் தெரிகின்றன. அம்முறை, பெரும்பாலும், கடைநிலையில் இருந்த கழகத்துக்கே முதலிடம் அளிப்பது. வலியவன் மேலும் வலியவனாகாமல், மெலிந்தவன் நிமிர்வதற்கு வழி செய்தல் வேண்டும் என்பது இதற்குக் கூறப்படும் நியாயம். நியாயம் நல்லதே. ஆயின் கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவரே களத்தில் நிற்பர். ஒப்பற்ற ஆட்டக்காரன் ஒருவன் வந்து சேர்ந்தால் ஒரு கழகத்தின் தலைவிதியே பத்து ஆண்டுகளுக்கு மாறிவிடக்கூடும். எனவே முதல் தெரிவு என்பது சிறு சலுகையன்று, பெரும் புதையல்.

புதையல் இருக்குமிடத்திற் சூழ்ச்சியும் தோன்றும். 1966 முதல் 1984 வரை இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த இரு கழகங்களுக்கிடையே நாணயத்தைச் சுண்டி முதல் தெரிவு யாருக்கென முடிவு செய்தனர். ஹூஸ்ரன் கழகம் 1983இலும் 1984இலும் அடுத்தடுத்து இந்த வாய்ப்பைப் பெற்று, ரால்ப் சாம்சனையும் ஹக்கீம் ஒலாஜுவனையும் அடைந்தது. அது வேண்டுமென்றே தோற்றது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் விளைவாக 1985இல் திருவுளச்சீட்டு முறை வந்தது. இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறாத ஏழு கழகங்களின் பெயர்களையும் உறைகளில் இட்டுச் சமவாய்ப்புடன் எடுத்தனர். நியூயோர்க் முதலிடம் பெற்றது. மிகக் குறைந்த வெற்றிகளைப் பெற்றிருந்த கழகங்களுள் ஒன்றான கோல்டன் ஸ்ரேற்றுக்கு ஏழாம் இடமே கிடைத்தது. மெலிந்தவனுக்கு உதவும் முறை மெலிந்தவனையே கைவிட்டது என்று குறை கூறினர். 1990இலிருந்து கடைநிலைக் கழகத்துக்குக் கூடிய வாய்ப்பு அளிக்கப்பட்டது. 1993இல் 66 வாய்ப்புகளுள் ஒன்றே ஒன்றை வைத்திருந்த ஓர்லாண்டோ முதலிடம் பெற்றது. மீண்டும் கூக்குரல், மீண்டும் திருத்தம். கடைசிக் கழகத்தின் வாய்ப்பு நூற்றுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது.

அந்த உயர்வின் பலனைப் பிலடெல்பியாவிற் கண்டோம். 2013இல் அக்கழகத்தின் முகாமையைப் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, திறமை வாய்ந்த ஆட்டக்காரரை விற்று, வருங்காலத் தெரிவுரிமைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அடுத்த மூன்று பருவங்களில் அக்கழகம் முறையே 19, 18, 10 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 2016இல் அவர் பதவி விலகினார். ஜோயல் எம்பீட் போன்ற பெரும் ஆட்டக்காரர் அந்தத் தோல்விகளின் பயனாகவே அக்கழகத்துக்குக் கிடைத்தனர். எனினும் அவ்வளவு தோல்வியும் கொடுத்து வாங்க விரும்பிய வெற்றிக் கிண்ணம் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

இங்கே அறவினா எழுகின்றது. பிலடெல்பியாவிலே யார் தவறு செய்தனர்? களத்தில் இறங்கிய இளைஞர்கள் ஒவ்வொரு நாளும் முழு மூச்சுடனேயே ஆடினர். தோற்றால் அடுத்த ஆண்டு தமக்கு வேலை இராது என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்றுநரும் வெற்றியையே நாடினார். முகாமையாளரும் ஒளித்து எதனையும் செய்யவில்லை. விதி அனுமதித்ததையே செய்தார். எவரும் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் போட்டி என்ற பெயரில் போட்டியல்லாத ஒன்று மூன்று ஆண்டுகள் நடைபெற்றது. தனித்தனி மனிதர் நேர்மையாக நடந்தும் முழுமை நேர்மையற்றதாக முடியுமாயின், குற்றத்தைத் தனிமனிதர் நெஞ்சில் மட்டும் தேடுவது போதாது. அவர்களை அவ்வாறு அடுக்கி வைத்த அமைப்பிலே தேடுதல் வேண்டும்.

"விதி அனுமதித்தது, ஆகவே தவறில்லை" என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவன் இரு பக்கமும் வெல்ல விரும்பும் ஆட்டத்தைக் காணவே வந்தான். மேலும், வேண்டுமென்றே மெலிந்துகொண்ட கழகத்தைப் பல முறை சந்திக்கும் எதிரி இலகுவான வெற்றிகளைப் பெறுகிறான். அவனோடு நேர்மையாகப் போட்டியிடும் மூன்றாமவன் அதனாற் பின்தள்ளப்படுகிறான். தோற்பவன் தன் பொருளை மட்டும் தோற்கவில்லை. பிறன் பொருளையும் சேர்த்தே தோற்கிறான். விதி வாய்திறவாத இடத்திலும் கடமை உண்டு. ஆனால் அக்கடமையை நினைவூட்டும் உரிமை, அதனை மீறுவோர்க்குப் பரிசு வகுத்து வைத்தவர்க்கு உண்டா என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

திருவுளச்சீட்டு இச்சிக்கலைத் தீர்த்ததா? 2014இல் வாய்ப்புகளைச் சமப்படுத்தும் யோசனையொன்று கழகங்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. 17 கழகங்கள் ஆதரித்தும், வேண்டிய 23 வாக்குகள் கிட்டாமையால் அது தோற்றது. பின்னர் 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி கடைசி மூன்று கழகங்களுக்கும் நூற்றுக்கு 14 என்ற சமவாய்ப்பு வழங்கப்பட்டது. கடைசியாவதற்கான ஓட்டம் இதனால் தளர்ந்தது உண்மை. ஆனால் கடைசி மூவருள் ஒருவராவதற்கான ஓட்டம் நிற்கவில்லை. 2023 ஏப்ரலில், இறுதிச் சுற்றுக்கு முந்திய தகுதிகாண் ஆட்டங்களிற் புகும் வாய்ப்பு இன்னும் இருந்தபோதே, டலஸ் கழகம் தன் முன்னணி ஆட்டக்காரரை ஒதுக்கி வைத்து ஓர் ஆட்டத்தைத் தோற்றது. தெரிவுரிமையைக் காக்கவே அவ்வாறு செய்ததெனக் கண்ட சங்கம் 750,000 டொலர் தண்டம் விதித்தது. தண்டம் கட்டியாயிற்று, தெரிவுரிமை கழகத்திடமே இருந்தது. செல்வர்க்குத் தண்டம் என்பது பல வேளைகளில் ஒரு விலை மட்டுமே.

மறுபுறம், உண்மையாகவே மெலிந்தவன் நிலை யாது? டெற்றொயிற் கழகம் 2023–24 பருவத்தில் தொடர்ச்சியாக 28 ஆட்டங்களிற் தோற்றது. மொத்தம் 14 ஆட்டங்களிலேயே வென்றது. திருவுளச்சீட்டு அதற்கு அளித்தது ஐந்தாம் இடம். 2025இல் 17 ஆட்டங்கள் மட்டும் வென்ற யூற்றா கழகத்துக்கும் ஐந்தாம் இடமே. அவ்வாண்டு முதலிடம் பெற்றது, நூற்றுக்கு 1.8 வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த டலஸ். முந்திய ஆண்டுதான் இறுதிப் போட்டி வரை சென்ற கழகம்! ஆகவே திருவுளச்சீட்டு கள்ளனையும் நல்லவனையும் பிரித்தறிவதில்லை. இருவர் கையிலிருந்தும் கொஞ்சம் பறித்து, அதனை அதிட்டத்திடம் ஒப்படைக்கின்றது. தோற்கும் ஆசையை அது குறைக்கலாம்; வேரறுப்பதில்லை.

வேர் எங்கே உள்ளது? முதல் தெரிவு ஏன் இத்துணை மதிப்புடையது என்பதை ஆராய்ந்தால் விடை புலப்படும். 1995ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து, முதற் சுற்றில் தெரியப்படும் இளைஞனின் ஊதியம் தெரிவு வரிசைப்படி ஓர் அளவுத்திட்டத்தால் வரையறுக்கப்படுகின்றது. நான்கு ஆண்டுகள் வரை அவன் அந்த ஊதியத்துக்கே கட்டுப்பட நேரும். அவன் களத்தில் ஈட்டித் தரும் செல்வம் அதனினும் பன்மடங்காயினும், மிகுதி கழகத்துக்கே. அவன் தொழிலுக்குள் நுழையுமுன்னரே அவனுக்கு வாக்கில்லாத மேசையில் அவன் விலை முடிவாகிவிட்டது. தோற்கும் கழகம் பெறும் பரிசு என்னவென்று இப்போது தெரிகிறதல்லவா? அது ஓர் இளைஞனின் உழைப்பை அதன் மதிப்பினும் குறைந்த விலைக்கு, வேறெவரும் போட்டியிட முடியாதபடி, வாங்கும் உரிமை. 1970இல் ஒஸ்கார் ரொபேட்சன் முதலிய ஆட்டக்காரர் இந்தத் தெரிவு முறையையும் சேர்த்தே நீதிமன்றத்திற் கேள்விக்குள்ளாக்கினர். 1976இல் ஏற்பட்ட இணக்கம் அவர்களுக்குச் சில உரிமைகளைப் பெற்றுத் தந்தது; தெரிவு முறை மட்டும் நிலைத்தது.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். கூடைப்பந்தாட்டத்தில் "நலிந்தவன்" எனப்படுபவன் யார்? கழகத்தின் உடைமையாளன். அவன் கழகம் எழுபது ஆட்டம் தோற்றாலும் அவன் வீட்டு உலை கொதியாமல் இருப்பதில்லை. 2024இல் அச்சங்கம் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டொலர் பெறுமதியான ஒளிபரப்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. தோற்றவனுக்கும் அதிற் பங்குண்டு. இங்கிலாந்தின் முதனிலைக் காற்பந்தாட்டச் சங்கத்திற் கடைசி மூன்று கழகங்கள் கீழ்நிலைக்குத் தள்ளப்படுகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் அவ்வச்சமும் இல்லை. தோல்வியால் இழப்பதற்கு எதுவுமில்லாத செல்வனுக்குத் தோல்வி ஒரு முதலீடு. ஏழைக்கு வறுமை முதலீடன்று. உதவிப் பணத்தை எண்ணித் தன் பிள்ளையைப் பட்டினி போடும் தாயை எவரேனும் கண்டதுண்டா? செல்வர் ஆடும் சூதைக் காட்டி ஏழையின் நேர்மையை ஐயுறுவது தருக்கமன்று. அது பழைய அநீதிக்குப் புதிய எடுத்துக்காட்டு.

தண்டனையிலும் இவ்வேற்றுமையைக் காணலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், அடுத்த சுற்றிற் சாதகமான எதிரியைப் பெறும் பொருட்டுத் தோற்க முயன்றனர் என்று சீனா, தென்கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த எட்டுப் பூப்பந்தாட்ட வீராங்கனைகள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் செய்தது சரியன்று. ஆனால் தோல்வியை இலாபமாக்கிய அட்டவணையை வகுத்தோர் நீக்கப்படவில்லை. களத்தில் நிற்பவன் தவறினால் வீட்டுக்கு அனுப்புவர். கழகத்தை உடையவன் தவறினால் தண்டம் பெறுவர்.

அப்படியாயின் மெலிந்தோர்க்கு உதவுவதே தவறா? அல்ல. உதவியை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே கேள்வி. வட அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் பனி ஹொக்கிச் சங்கம், 2024இல் தொடங்கியபோதே, வேறொரு வழியைக் கைக்கொண்டது. இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்த நாள் முதலாக ஒரு கழகம் ஈட்டும் புள்ளிகளே அதன் தெரிவு வரிசையை நிர்ணயிக்கின்றன. மெலிந்த கழகம் முந்தியே வாய்ப்பை இழப்பதால் புள்ளி சேர்க்க அதற்கு ஆட்டங்கள் மிகுதி. ஆயினும் அவற்றை வென்றே சேர்த்தல் வேண்டும். உதவியும் நிற்கிறது, முயற்சியும் நிற்கிறது. அமெரிக்கத் தேசிய மகளிர் காற்பந்தாட்டச் சங்கமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, 2024இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கையால் தெரிவு முறையையே ஒழித்தது. இளம் வீராங்கனை தான் உழைக்கும் இடத்தைத் தானே தெரிகின்றாள். தோற்றவர்க்குப் பரிசாக வழங்க அங்கே மனிதர் இல்லை. ஆகவே பரிசுக்காகத் தோற்போரும் இல்லை. செல்வக் கழகங்களே எல்லாரையும் வாரிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு, ஊதியச் செலவுக்கு உச்சவரம்பு விதித்தல் ஓரளவு காப்பாகும்.

அடுத்த வாரம் மன்றம் மீண்டும் கூடும்போது அந்த மாணவனுக்கு இதனையே கூறப்போகிறேன். நீ கண்ட நோய் உண்மை, தம்பி. நோய்க்குக் காரணம் இரக்கமென்று கூறியதே பிழை. மனிதனைப் பரிசுப் பொருளாக்கி, தோல்வியை இலாபமாக்கி, அதன்மேல் திருவுளச்சீட்டைப் போர்த்தி, நீதி செய்துவிட்டோம் எனக் கூறும் அமைப்பே காரணம். அடுத்த முறை எவரேனும் "கொடுத்தாற் கெட்டுப்போவான்" என்று கூறக் கேட்டால், கொடுக்கப்படுவது எது, பெறுபவன் யார், விலை கொடுப்பவன் யார் என்ற மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே கைதட்டுவாயாக.