திறந்த கதவும் தராத இசைவும்

பூட்டு கள்வனைத் தடுக்கும் கருவி. உரிமையின் எல்லையை வரையும் கோடன்று. கிள்ளானில் ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கக் கண்டு, வழிப்போக்கன் உள்ளே புகுந்து வீட்டாரின் கடிதங்களைப் படிப்பானாயின் ஊர் அவனைப் பொறுக்குமா? ஆனால், திறந்திருப்பது கணினிக் கணக்காயின் பலருடைய மனம் தடுமாறுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாணவன் பொதுக் கணினியின்முன் அமர்கிறான் எனக் கொள்வோம். முன்னர் அமர்ந்திருந்தவர் தம் மின்னஞ்சல் கணக்கை மூடாமலே சென்றுவிட்டார். தற்செயலாகக் கண்ணிற்பட்ட வரிக்கு மாணவன் பொறுப்பாளி அல்லன். ஆயின், பிறருடையது என்று அறிந்த பின்னும் அடுத்த கடிதத்தைத் திறக்க விரலை அசைக்கும் கணத்தில் அறம் பிறழ்கிறது.

சட்டம் இவ்வுண்மையைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. பிரிட்டனில் பிரஸ்டெல் என்னும் தகவல் சேவைக்குள் பிறருடைய அடையாள எண்களைக் கொண்டு நுழைந்த இருவரின் விடுதலையை, 1988இல் பிரபுக்கள் அவை உறுதிசெய்தது. போலி ஆவணச் சட்டம் அச்செயலுக்குப் பொருந்தவில்லை. அக்குறையைப் போக்க 1990இல் தனிச்சட்டம் பிறந்தது. மலேசியா 1997இல் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. இசைவின்றி நுழைவோருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதன் மூன்றாம் பிரிவு வகைசெய்தது. கடவுச்சொல் உடைக்கப்பட்டதா என்பதன்று அப்பிரிவின் வினா. நுழையும் நோக்கம் இருந்ததா, இசைவில்லை என்பது தெரிந்திருந்ததா என்பதே.

“படித்ததால் கடிதம் குறைந்துவிட்டதா?” என்று வாதிடுவோர் உளர். கடிதம் குறையவில்லை, ஆனால், தம் செய்தியை எவர் அறியலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உரியவரிடமிருந்து பறிபோயிற்று. பறித்ததை மீளக் கொடுக்கவும் வழியில்லை. படித்ததைப் படிக்காததாக்க எவராலும் இயலாது. பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள எண்ணுவதே தீது எனக் கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் உரைப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கணக்கை மூட மறந்தது அசட்டை, அசட்டை இசைவாகாது. உரியவர் அருகில் நின்றால் இதைச் செய்வோமா என்னும் ஒரு வினாவே போதிய உரைகல். அக்கணக்கைப் படிக்காமல் மூடிவிட்டுத் தன் பணியைத் தொடங்கும் மாணவனை எவரும் பாராட்டப் போவதில்லை. அங்கே நிகழ்ந்ததை எவரும் அறியார். எவரும் அறியாவிடத்தும் பிழையாது நிற்பதன்றோ ஒழுக்கம்!