இலக்கும் முனையும்

"காரியம் முடிந்தால் சரி, எப்படி முடிந்தால் என்ன?" என்று வெளிப்படையாகக் கேட்பவர்கள் நம்மிடையே குறைவு. அப்படிக் கேட்பது நாகரிகமல்ல என்று நமக்குத் தெரியும். ஆகவே அதையே வேறு சொற்களில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம். 'குழந்தையின் எதிர்காலம்' என்கிறோம். 'குடும்பத்தின் கௌரவம்' என்கிறோம். 'இந்த ஒரு தடவை மட்டும்' என்கிறோம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நம் கண்கள் தூரத்தில் தெரியும் ஏதோ ஒரு நல்ல பொருளின் மேலேயே பதிந்திருக்கின்றன. அதன் பிரகாசத்தில், இங்கே பக்கத்தில் நம்முடைய கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது கண்ணில் படுவதே இல்லை.

நம்மை இப்படிப் பழக்கியதில் ஒரு பழைய கதைக்கும் பங்குண்டு. துரோணர் மரத்தின் மேல் ஒரு பறவையை வைத்துச் சீடர்களை ஒவ்வொருவராக அழைத்து, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். தருமன் மரம் தெரிகிறது, பறவை தெரிகிறது, தம்பிமார் தெரிகிறார்கள் என்றான். வில்லைக் கீழே வைக்கச் சொன்னார். அர்ச்சுனன் பறவையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றான். அவனை எய்யச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை நம் நாட்டில் இல்லை. இலட்சியத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவனே வெற்றி பெறுகிறான் என்று நாம் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன், சென்னையில் ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போகும்படி நேர்ந்தது. அறுபதைத் தாண்டிய கதாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் கதைகளில் நாலைந்து பேர் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் செத்தும் போயிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாமானை நான் கையால் தொட்டுப் பார்த்தது கிடையாது. என் பால்ய நண்பர் ஒருவருடைய மகள் அங்கே பயிற்சி பெறுகிறாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் செய்கிறாள். "ஒரு நாள் வந்து பாருங்க மாமா" என்று அவள் பல தடவை அழைத்ததன் பேரில் போனேன்.

நான் கற்பனை செய்திருந்த வெடிச்சத்தமும் புகையும் அங்கே இல்லை. காற்றழுத்தத்தால் ஈயக்குண்டைத் தள்ளும் கைத்துப்பாக்கிகள்தாம் அவை. குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். நீண்ட கூடத்தின் ஒரு கோடியில் மேஜைகள்; அங்கிருந்து 10 மீட்டர் தூரத்தில் வெள்ளைத் தாள்கள்; ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஒரு கறுப்பு வட்டம். பள்ளிச் சிறுவர் சிறுமியர்தாம் அதிகம். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பிறகும், 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற பிறகும் இந்த விளையாட்டு வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்டது. பரீட்சை மண்டபத்தில் இருப்பது போன்ற நிசப்தம். 'டப்', 'டப்' என்று இடையிடையே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெண் மூன்று விதிகளைச் சொன்னாள். குழலின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடுவதற்குத் தயாராகும் வரையில் விரல் விசையைத் தொடக்கூடாது. 'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்தால், யார் சொன்னாலும் சரி, சுடுவதை அக்கணமே நிறுத்திவிட வேண்டும். பிறகு துப்பாக்கியை என் கையில் கொடுத்து, ஒரே கையால் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். போட்டியில் பயன்படும் துப்பாக்கி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாதாம். நீட்டிய கையில் ஒரு கிலோவே எவ்வளவு கனம் என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது.

"மாமா, இப்ப என்ன பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"கறுப்பு வட்டத்தைத்தான் அம்மா."

"வேற ஏதாவது தெரியுதா?"

"வேறொன்றுமே தெரியவில்லை" என்றேன், அர்ச்சுனனுக்குரிய பெருமிதத்தோடு.

அவள் சிரித்துவிட்டாள். "அது இங்கே உதவாது மாமா. வட்டத்தை விட்டுடுங்க. முனையைப் பாருங்க. முனை பளிச்சுனு தெரியணும். வட்டம் மங்கலாத் தெரிஞ்சாப் போதும்."

விஷயம் இதுதான். குழலின் நுனியில் நகத்தளவு ஓர் உலோகத் துண்டு நிமிர்ந்து நிற்கிறது. அதைத்தான் முனை என்றாள். கைக்கு அருகே, பின்புறத்தில், நடுவே பள்ளம் வெட்டிய ஒரு தகடு இருக்கிறது. பள்ளத்தின் நடுவே, இரு பக்கமும் சமமாக வெளிச்சம் விட்டு, தலை மட்டத்துக்குத் தலை மட்டமாக முனை நிற்க வேண்டும். மனிதக் கண்ணால் பள்ளம், முனை, வட்டம் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. வெவ்வேறு தூரத்தில் இருப்பவை அவை. ஒன்றைத் தெளிவாகப் பார்த்தால் மற்றவை மங்கும். அப்படியானால் எதை மங்கவிடுவது? இலக்கைத்தான் என்கிறது இந்தக் கலை.

காரணம் கேட்டேன். ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி அசைந்தால், குழல் திரும்பாத வரையில் தாளிலும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். அது பெரிதல்ல, உயிருள்ள கை ஆடத்தான் செய்யும். ஆனால் முனை பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் கதை வேறு. முனைக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் ஓர் அடி. தாளோ முப்பத்து மூன்று அடி தள்ளி இருக்கிறது. கையருகே நேர்ந்த ஒரு மில்லிமீட்டர் கோணல், தாளைச் சேரும்போது ஏறக்குறைய முப்பது மில்லிமீட்டராக வளர்ந்துவிடுகிறது. பத்து மதிப்பெண் பெற வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். இலக்கை எவ்வளவு ஆசையோடு உற்றுப் பார்த்தாலும் இந்தக் கோணல் திருந்தாது. பார்க்கப் பார்க்க முனை மங்கி, கோணல் கண்ணுக்கு மறைந்தே போகும்.

நான் பத்துக் குண்டுகள் சுட்டுவிட்டு, பின்னால் இருந்த பெஞ்சில் நண்பரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வெகுநேரமாகத் தம் மனத்தில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். அவருடைய மகனுக்கு ஒரு வேலை, நல்ல வேலை. ஓர் இடத்தில் ஒரு தொகை கொடுத்தால் நிச்சயம் என்று இடையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். பையனுக்கு வயது வரம்பு நெருங்குகிறது.

"அவன் கெட்டிக்காரன், உனக்கே தெரியும். உள்ளே போய்விட்டால் ஒருத்தரிடமும் ஒரு காசு வாங்கமாட்டான். நல்லவன் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு தடவை... நீ கதை எழுதுகிறவன், நீ சொல்லு" என்றார்.

நண்பரை நான் சிறு வயது முதலே அறிவேன். அவர் பேராசைக்காரர் அல்ல. மகனைப் பற்றி அவர் சொன்னதும் உண்மைதான். அவருடைய இலக்கில் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே பதில் சொல்வது கடினமாக இருந்தது.

வழியா, முடிவா என்ற வழக்கு நம் நாட்டில் பெரிதாக எழுந்ததே துப்பாக்கி வெடித்த ஓர் ஆண்டில்தான். 1909 ஜூலை முதல் தேதி லண்டனில் மதன்லால் திங்கரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்த காந்தி, அங்கிருந்த புரட்சி வீரர்களோடு விவாதித்தார், நம் வ.வே.சு. ஐயரும் அன்று லண்டனில் இருந்தவர். அந்த நவம்பரில் கப்பலில் திரும்பும்போது காந்தி எழுதிய சிறு நூல்தான் 'ஹிந்த் ஸ்வராஜ்'. வழியை விதைக்கும் முடிவை மரத்துக்கும் ஒப்பிட்டது அந்த நூல். ஐயர் புதுச்சேரிக்கு வந்தார். மணியாச்சியில் 1911 ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் ஐயரிடம்தான் துப்பாக்கிப் பயிற்சி பெற்றான் என்று சொல்வார்கள். அந்த இளைஞனின் தியாகத்தை எடைபோட நமக்குத் தகுதி இல்லை. ஆனால், அவனுக்கு ஆசானாயிருந்ததாகச் சொல்லப்படும் ஐயரே பிற்காலத்தில் காந்தியின் வழிக்கு வந்து சேர்ந்தார் என்பதையும், தமிழ்ச் சிறுகதைக்கு வழி வகுத்த கை அதே கைதான் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் மூன்று குண்டுகள் வெடித்தன. சுட்டவனைக் கேட்டிருந்தால் தன் இலட்சியம் பட்டப்பகல் போலத் தெளிவாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான். இலக்கு தெளிவாகத் தெரிகிறது என்பது ஒருவனுடைய நியாயத்துக்குச் சாட்சி ஆகாது.

இதே பாரதக் கதையைத் தொடர்ந்து படித்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேருகிறோம். துரோணர் மரத்தில் வைத்தது நிஜப் பறவை அல்ல. செய்து வைத்த பொம்மை. பொம்மையை அடிக்கும்போது மரத்தையும் மனிதர்களையும் மறந்துவிடலாம்; யாருக்கும் சேதமில்லை. பிறகு குருக்ஷேத்திரத்தில் ஒரு நாள் அந்தத் துரோணரே இலக்காக நின்றார். அவரை வீழ்த்துவது என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் பாண்டவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைக் கொன்று, பாதி உண்மையைத் தருமன் வாயால் சொல்ல வைத்தார்கள். அன்று வரையில் மண்ணில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய தருமனின் தேர் அன்று மண்ணில் இறங்கிற்று. யுத்தம் ஜெயமாயிற்று, தேர் இறங்கியது இறங்கியதுதான்.

அப்படியானால் வழி ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதுமா? போதாது என்பதற்கும் துப்பாக்கிக் களத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இறுதிச் சுற்றில், கடைசிக் குண்டு ஒன்றே பாக்கி. அமெரிக்க வீரர் மாத்யூ எம்மன்ஸ் எல்லாருக்கும் முன்னால் நின்றார். சுமாராகச் சுட்டிருந்தாலே தங்கம் அவருக்குத்தான். நிதானமாகச் சுட்டார். ஆனால் அவர் நின்றது இரண்டாம் இடத்தில். குண்டு பாய்ந்தது மூன்றாம் இடத்துக்குரிய இலக்கில். அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். தங்கம் சீன வீரர் ஜியா ஜான்போவுக்குப் போயிற்று. எம்மன்ஸ் எட்டாவதாக இறங்கினார். கையில் பிழையில்லை, கண்ணில் பிழையில்லை. சுட வேண்டிய இடம் அது அல்ல, அவ்வளவுதான். விதிகளை எழுத்துக்கு எழுத்து அனுசரித்து அநியாயமான உத்தரவு ஒன்றை நிறைவேற்றி முடிக்கும் யோக்கியமான அதிகாரி ஒருவரை எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே, இலக்கைப் பார்க்க வேண்டிய வேளை ஒன்று உண்டு. கையை உயர்த்துவதற்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும். இது என்னுடையதுதானா, இதற்குப் பின்னாலும் பக்கத்திலும் யார் நிற்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையை உயர்த்திய பிறகு, கண் முனைக்கு வந்துவிட வேண்டும். நம் வசத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் நான் சொன்னது இவ்வளவையும் அல்ல. "அந்த நாற்காலிக்கு இன்னொரு பையனும் வரிசையில் நிற்கிறான். பணம் கொடுக்க வகையில்லாதவன். உன் கண்ணில் அவன் தெரிகிறானா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உன் பிள்ளை யாரிடமும் காசு வாங்கமாட்டான் என்றாய். அவன் உட்காரப் போகும் நாற்காலிக்கே காசு வாங்கியவன் நாளைக்கு ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வான்?" என்றேன். அவர் பேசவில்லை. இங்கே ஒரு மில்லிமீட்டர். அங்கே எவ்வளவு என்று கணக்குப் பார்க்க அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்போது எங்களுக்கு எதிரே அவர் மகள் சுட்டுக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினாள், முனையை நிறுத்தினாள், ஏழெட்டு விநாடி அப்படியே நின்றாள். பிறகு சுடாமலே கையை இறக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "சரியா வரலேன்னு தெரிஞ்சா இறக்கிடணும் மாமா. கஷ்டப்பட்டுப் பிடிச்சோமேன்னு சுட்டுட்டா கெட்டுப்போகும். முதல்லே கத்துக்க வேண்டியதே இதுதான், ரொம்பப் பேருக்கு வராததும் இதுதான்" என்றாள்.

போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிஷம். ஒவ்வொரு தடவை கையை இறக்கும்போதும் அந்தக் கணக்கிலிருந்து நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. வயது வரம்பு நெருங்கும் மகனை வைத்துக்கொண்டிருக்கும் தகப்பனாரிடம் 'கையை இறக்கு' என்று சொல்வது சுலபம், இறக்குவது சுலபமல்ல. இறக்கியவனுக்கு வேறு வாய்ப்பு வந்தே தீரும் என்று வாக்குறுதி தர என்னால் முடியாது. வராமலும் போகலாம். நேர்மைக்குப் பலன் நிச்சயம் என்று கதையின் கடைசி அத்தியாயத்தில் எழுதிவிடுகிறோமே, அந்தச் சலுகை வாழ்க்கையில் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லலாம். இறக்கிய கையை மறுபடி உயர்த்த முடியும். விட்ட குண்டைத் திரும்ப அழைக்க முடியாது. எத்தனை குண்டு எங்கே பட்டது என்பதற்குத் தாளில் துளைகள் இருக்கின்றன. சரியில்லை என்று தெரிந்து சுடாமல் விட்டவற்றுக்கு எந்தத் தாளிலும் அடையாளம் இல்லை. அந்தக் கணக்கை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.