அமெரிக்கர் என்று யாரைச் சொல்வது?

லத்தீன் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பூகோளத்தில் அமெரிக்கா ஒரே கண்டம். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தியெரா தெல் ஃபுவேகோ வரை அந்த மண்ணில் பிறந்த எவரும் அமெரிக்கர்தான். அப்படிப் படித்து வளர்ந்த ஒரு கொலம்பியருக்கு, டெக்சாஸ்காரர் 'நாங்கள் அமெரிக்கர்கள்' என்று தங்களை மட்டும் சொல்லிக்கொள்வது, ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு ஒரு வீட்டார் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது.

அந்த எரிச்சலுக்கு வரலாறும் துணை நிற்கிறது. 1507-இல் மார்ட்டின் வால்ட்சேமுல்லர் வெளியிட்ட உலகப் படத்தில் 'அமெரிக்கா' என்ற பெயர் பொறிக்கப்பட்டது தெற்கு நிலப்பரப்பின் மேல். இன்றைய பிரேசில் பக்கம். ஐக்கிய அமெரிக்கா பிறக்க அப்போது இன்னும் 269 ஆண்டுகள் இருந்தன. க்யூபாவின் ஹொசே மார்த்தி 1891-இல் நியூயார்க்கில் குடியிருந்துகொண்டே 'நமது அமெரிக்கா' என்று கட்டுரை எழுதினார். அவர் 'நமது' என்றதில் நியூயார்க் சேர்த்தி இல்லை. கால்பந்தில் இன்றைக்கும் கோபா அமெரிக்கா தென் அமெரிக்க நாடுகளின் போட்டிதான். ஐக்கிய அமெரிக்கா அதில் விருந்தாளியாக ஆடும். 2016-லும் 2024-லும் போட்டி நடந்ததே அந்த நாட்டில்தான் என்பது வேறு கதை.

அப்படியானால் இரு கண்டத்து மக்களையும் அமெரிக்கர் என்பதுதான் நியாயமா? கனடாக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். நில அமைப்பின்படி அவர் சந்தேகமில்லாமல் அமெரிக்கர்; ஆனால் அந்தப் பெயரால் அழைப்பதை அவர் சிறுமையாகவே எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்பவரின் தலையிலும் பெயரைக் கட்டுகிற நியாயம் பாதி நியாயம். மாற்றுப் பெயர்களிலும் சிக்கல் உண்டு. ஸ்பானிய மொழியில் 'ஐக்கிய நாட்டார்' என்ற பொருளில் ஒரு சொல் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் மெக்சிகோவின் அதிகாரப்பூர்வப் பெயரும் 'ஐக்கிய மெக்சிகோ நாடுகள்' என்பதுதான். 'வட அமெரிக்கர்' என்றாலோ மெக்சிகோவும் கனடாவும் அதற்குள் வந்துவிடுகின்றன.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு வழக்கு இருந்தது. 1947-இல் புதிய நாடு 'இந்தியா' என்ற பெயரை வைத்துக்கொண்டதை ஜின்னா எதிர்த்தார். அந்தப் பெயரைத் தந்த சிந்து நதியின் பெரும்பகுதி பாகிஸ்தானில் ஓடுகிறது. துணைக்கண்டம் முழுமைக்கும் பொதுவாக இருந்த பெயர் ஒரு நாட்டுக்குப் போனது. இங்கே யாருடைய உறக்கமும் அதனால் கெடவில்லை. எடுத்துக்கொண்டவருக்கு எடுத்தது தெரியாது. இழந்தவருக்குத்தான் கணக்கு நினைவிருக்கும்.

லத்தீன் அமெரிக்கரின் புண்ணுக்குப் பெயர் மட்டும் காரணமல்ல. 1846-இல் தொடங்கிய போரின் முடிவில் மெக்சிகோ தன் நிலத்தில் பாதியளவை இழந்தது. 1898-இல் புவேர்ட்டோ ரிக்கோ கைமாறியது. 1903-இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்ததற்குப் பின்னால் வாஷிங்டனின் கை இருந்தது. இத்தனையும் நடக்காமல், ஐக்கிய அமெரிக்கா தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாடாக இருந்தால், அது தன்னை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டாலும் அண்டை நாட்டார் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அண்டை நாட்டாரோடு பெயரைப் பங்கிடாதது மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். அநீதி என்று சொல்லத்தக்கது வேறிடத்தில், அந்த நாட்டின் ஆளுகைக்குள்ளேயே இருக்கிறது.

பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. பெயரிலேயே 'அமெரிக்க' இருக்கிறது. பாகோ பாகோ துறைமுகம் கடற்படைக்கு வேண்டியிருந்ததால் 1900-இல் தூதுயிலா தீவு ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கே பிறப்பவர் அந்த நாட்டுக்கு விசுவாசமாக இருக்கக் கடமைப்பட்டவர். அதன் படையில் சேர்ந்து போருக்குப் போகலாம், போயும் இருக்கிறார்கள். அவருக்குக் கிடைப்பதும் ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்போர்ட்தான். ஆனால் பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை உள்ளவராக இல்லாவிட்டால், அந்தப் பாஸ்போர்ட்டுக்குள் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும்: இதை வைத்திருப்பவர் அமெரிக்க நாட்டவர், அமெரிக்கக் குடிமகன் அல்லர். புவேர்ட்டோ ரிக்கோக்காரர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். சமோவாக்காரர் யூட்டாவில் பல ஆண்டு வரி கட்டி வாழ்ந்தாலும் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. குடியுரிமை வேண்டுமென்றால், வெளிநாட்டிலிருந்து வந்தவரைப்போல விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, தேர்வு எழுத வேண்டும். அலாஸ்காவில் சமோவா வம்சாவளியினர் சிலர் மீது சட்டவிரோதமாக வாக்களித்ததாக வழக்கே போடப்பட்டது.

இந்த வேறுபாட்டின் வேர் 1901-இல் தொடங்கும் சில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. புதிதாகப் பிடித்த தீவுகளின் மக்கள் வேற்று இனத்தார், வேறு பழக்கவழக்கத்தார், ஆகவே அரசியலமைப்பு அங்கே முழுமையாகச் செல்லாது என்ற நினைப்பு அவற்றில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. அந்தத் தீர்ப்புகள் இனவாதத்தின் மேல் எழுந்தவை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சே எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில், யூட்டாவில் வாழும் சமோவாக்காரர்கள் குடியுரிமை கேட்டுக் கொண்டுவந்த வழக்கை விசாரிக்கவே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் அந்த வழக்கை எதிர்த்து வாதாடியவர்களில் அமெரிக்க சமோவா அரசும் ஒன்று. அங்கே நிலத்தில் பெரும்பகுதி குடும்பங்களின் பொதுச்சொத்து. மாத்தாய் என்னும் குடும்பத் தலைவர் அதன் பொறுப்பாளர். சமோவா வம்சத்தார் அல்லாதவர் அந்த நிலத்தை வாங்குவதற்குச் சட்டம் தடை போடுகிறது. நீதிமன்றத் தீர்ப்பால் குடியுரிமை வந்து இறங்கினால், சம உரிமையின் பெயரால் அந்தத் தடையும் ஒருநாள் உடையும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஹவாயில் நிலம் வெளியார் கைக்குப் போனதைப் பார்த்தவர்களின் அச்சம் அது. வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் ஹௌடனோசௌனி மக்கள். தமிழில் நெடுங்காலம் செவ்விந்தியர் என்று எழுதப்பட்டவர்களில் ஒரு கூட்டமைப்பினர். 1924-இல் எல்லாப் பூர்வகுடியினருக்கும் சட்டத்தால் குடியுரிமை வழங்கப்பட்டபோது, யார் கேட்டார்கள் என்று மறுத்தவர்கள். தங்கள் பாஸ்போர்ட்டைத் தாங்களே அச்சிடுகிறார்கள். 2010-இல் மான்செஸ்டரில் நடந்த உலக லக்ராஸ் போட்டிக்கு அந்தப் பாஸ்போர்ட்டோடுதான் போவோம் என்று அவர்களது அணி நின்றது. பிரிட்டன் விசா தர மறுத்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருக்கலாம். லக்ராஸ் ஆட்டத்தை உலகுக்குத் தந்த மக்கள் போட்டியைத்தான் விட்டார்கள்.

யூட்டாவின் சமோவாக்காரர் பெயரைக் கேட்கிறார். ஹௌடனோசௌனியர் வேண்டாம் என்கிறார். இருவரும் நியாயத்தின் பக்கமே நிற்க முடியும். ஒருவரிடமிருந்து விசுவாசத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, அவர் கேட்கும்போது குடியுரிமையை மறுக்கலாகாது. அதுபோல, தனக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்மேல் அதைத் திணிக்கவும் அதற்கு அதிகாரமில்லை. சமோவாவின் நிலக் கவலைக்கும் இதில் இடமிருக்கிறது. தீவு முழுவதற்கும் ஒரே தீர்ப்பாகக் குடியுரிமையை இறக்க வேண்டியதில்லை. கேட்கிற தனி ஆளுக்குத் தேர்வும் தாமதமும் இல்லாமல் கொடுத்தால் நிலச் சட்டத்தை யாரும் தொட வேண்டியிராது. இந்த வழியில் மசோதாவை அமெரிக்க சமோவாவின் பிரதிநிதியே காங்கிரஸில் கொண்டுவந்திருக்கிறார். அது சட்டமாகவில்லை. அவை முழுமையாகக் கூடி வாக்கெடுக்கும்போது, அந்த மசோதாவுக்கு ஆதரவாகக்கூட அவரால் வாக்களிக்க முடியாது. சமோவாவின் பிரதிநிதிக்கு அங்கே இருக்கை உண்டு, வாக்கு கிடையாது.