கோத்தம் நகரத்துக் கணக்குப்பிள்ளை

ஊழலை ஒழிக்க ஒரு நல்லவன் வருவான் என்று மக்கள் நம்பிக்கொண்டிருக்கும் வரை ஊழல்காரனுக்குக் கவலையே இல்லை. 2022-இல் வெளிவந்த 'தி பேட்மேன்' படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நான் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் இல்லை. எந்த சூப்பர் ஹீரோ எந்தக் கம்பெனிக்காரன் என்பதுகூட எனக்குக் குழப்பம்தான். வாரக் கடைசியில் எந்தப் படத்துக்கு டிக்கெட் கிடைக்கிறதோ அதற்குப் போகிற ரகம். ஆனால் 176 நிமிடம் இருட்டிலும் மழையிலும் உட்கார வைத்த அந்தப் படம், ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயத்தை எனக்குக் காட்டியது. அந்தக் கதையின் முடிச்சு முழுக்க ஒரு வரவு செலவுக் கணக்கில் கிடக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாமஸ் வெய்ன் என்ற பெரும் பணக்காரர் கோத்தம் நகரத்தைச் சீரமைக்க நூறு கோடி டாலர் நிதியை அறிவிக்கிறார். சில நாளில் கொலையாகிறார். அந்த நிதி அப்படியே நிற்கிறது, கண்காணிக்க ஆளில்லை. மேயர், போலீஸ் கமிஷனர், அரசு வழக்கறிஞர், தாதா ஃபால்கோன் என்று எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள். லஞ்சம் கொடுக்கவும் கறுப்பை வெள்ளையாக்கவும் அதுவே வசதியான உண்டியலாகிறது. அந்த நிதியால் வாழவேண்டிய அநாதை விடுதியில் ஓர் அறையில் முப்பது குழந்தைகள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், எலி கடிக்கிறது, குளிர்காலம்தோறும் ஒரு கைக்குழந்தை சாகிறது. அங்கே வளர்ந்த எட்வர்ட் நாஷ்டன்தான் பின்னாளில் ரிட்லர் என்ற கொலைகாரனாகி, ஊழல்வாதிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான்.

நாஷ்டனின் வேலை என்ன தெரியுமா? கணக்குத் தணிக்கை. மோசடிக் கணக்குகளைத் தோண்டிப் பார்க்கிற கணக்குப்பிள்ளை அவன். நகரத்தின் குட்டு அவனுக்குத் தெரிந்தது எந்த மாயத்தாலும் இல்லை. எண்களைக் கூட்டிப் பார்த்தான், இடித்தது, அவ்வளவுதான்.

இப்போது படத்தின் தொடக்கத்தில் வருகிற ஒரு சின்னக் காட்சியைப் பாருங்கள். ஊர் சுற்றி ரவுடிகளை அடித்துவிட்டு வந்து நிற்கிறான் தாமஸின் மகன் புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குக் குடும்பக் கம்பெனியின் கணக்கர்கள் வீட்டுக்கே வருகிறார்கள் என்கிறார் அவன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட். நீ அங்கே போகமாட்டேன் என்கிறாய், அதனால்தான் இங்கே வரச் சொன்னேன் என்கிறார். இதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று தட்டிக்கழிக்கிறான் புரூஸ். இப்படியே போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று எச்சரித்தும் அவனுக்கு அக்கறையில்லை.

படம் பார்த்த பலருக்கு இந்தக் காட்சி நினைவில் இருக்காது. எனக்கோ இதுதான் மொத்தப் படமும். அப்பா பெயரில் உள்ள நிதியை நகரமே கொள்ளையடித்துக்கொண்டிருக்கிறது. மகனுக்கோ ராத்திரி தெருவில் இறங்கிச் சில்லறைத் திருடனின் பல்லை உடைக்கத்தான் நேரம் இருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கணக்கர்களோடு உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டியிருந்தால் எத்தனை பிணம் குறைந்திருக்கும்? முகமூடி போட்டு இரண்டு ஆண்டாகியும் கொலை, கொள்ளை எல்லாம் கூடித்தான் இருக்கிறது என்று அவனே தன் நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறான். ஆனாலும் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அடிதடியில் கிடைக்கிற கிளுகிளுப்பு கூட்டல் கழித்தலில் கிடையாது. அவனுக்கு மட்டுமா? டிக்கெட் வாங்கிப் பார்க்கிற நமக்கும்தான்.

சரி, இதெல்லாம் கற்பனைக் கதை என்பீர்கள். கோத்தம் என்பதே நியூயார்க் நகரத்துக்கு நெடுநாளாக வழங்கிவரும் பட்டப்பெயர்தான். அந்த நிஜ கோத்தமில் நடந்த கதையையும் கேளுங்கள்.

1860-களில் நியூயார்க்கை ஆட்டிப்படைத்தவர் 'பாஸ்' ட்வீட். டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர். இரண்டரை லட்சம் டாலரில் முடிப்பதாகத் தொடங்கிய நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவானது. சுவர் பூசிய ஒப்பந்தக்காரருக்கு இரண்டே நாள் வேலைக்கு 1,33,187 டாலர் என்று எழுதியிருந்தார்கள். ஊரில் இது தெரியாதவர் இல்லை. சாட்சிதான் இல்லை.

சாட்சியைக் கொண்டுவந்தது எந்த வீரனும் அல்ல. 1871-இல் நிர்வாகத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்கு வந்த மாத்யூ ஒ'ரூர்க், ஏடுகளில் இருந்த தொகைகளைப் பொறுமையாகப் படியெடுத்தார். அந்த ஆண்டு ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' அவற்றை வெளியிட்டது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற பட்டியல். முதல் பக்கத்தில் வெறும் எண்கள். அதே நேரத்தில் தாமஸ் நாஸ்ட் தன் கேலிச்சித்திரங்களால் ட்வீட்டைத் தோலுரித்தார். ட்வீட் சிறைக்குப் போனார், தப்பி ஓடினார், ஸ்பெயினில் பிடிபட்டார், 1878-இல் சிறையிலேயே செத்தார்.

கற்பனைக் கோத்தமிலும் ஒரு கணக்குப்பிள்ளை, நிஜக் கோத்தமிலும் ஒரு கணக்குப்பிள்ளை. ஒருவன் தெரிந்த உண்மையை வைத்துக்கொண்டு கொலை செய்தான். கடைசியில் தடுப்புச்சுவரை வெடிவைத்துத் தகர்த்து, ஒரு பாவமும் அறியாத ஏழைகளையும் வெள்ளத்தில் மூழ்கடித்தான். இன்னொருவர் அதே உண்மையை ஊர் படிக்கக் கொடுத்தார். எது வேலை செய்தது என்பதை வரலாறு சொல்லிவிட்டது. ஆனால் சினிமாவுக்கு வேண்டியது முதல் ஆள். ஒ'ரூர்க்கைப் பற்றிப் படம் எடுத்தால் இடைவேளைக்கு முன்பே நாம் எழுந்து போய்விடுவோம்.

இதில் நமக்குக் கசக்கிற ஒரு செய்தியும் உண்டு. குட்டு உடைந்த அதே 1871 நவம்பரில் ட்வீட் மாநில செனட் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். அவருடைய சகாக்கள் பலர் தோற்றபோதும் அவருடைய தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. காரணம் இருந்தது. பிழைக்க வந்த ஐரிஷ்காரர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரி வாங்க 50,000 டாலர் அள்ளிக் கொடுத்தவர் அவர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. தாமஸ் வெய்ன் கொடுத்த நூறு கோடியைப் பற்றியும் கோத்தமில் யாரும் கேட்கவில்லை. ஒருவர் கொள்ளைக்காரர், மற்றவர் வள்ளல். கேள்வி கேட்கப்படாததில் இருவரும் ஒன்று. 'நல்ல மனுஷன், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா' என்ற நம்முடைய தாட்சண்யம் இருக்கிறதே, அதில்தான் ஊழல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது.

பேட்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனை யார் தேர்ந்தெடுத்தது? அவன் தவறான ஆளை அடித்தால் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? முகம் தெரியாதவனுக்கு எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது? ஊழல்காரன் ஏட்டை மறைக்கிறான், வீரன் முகத்தை மறைக்கிறான். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பதில் இரண்டு பேரும் பங்காளிகள். படமே இதை ஒப்புக்கொள்கிறது. தொடக்கத்தில் நீ யார் என்று கேட்ட ரவுடியைத் துவைத்தெடுத்துவிட்டு, பழிதீர்க்க வந்தவன் நான் என்கிறான் பேட்மேன். முடிவில், புதிய மேயரைச் சுட வந்த ரிட்லரின் கையாள் ஒருவனின் முகமூடியைக் கழற்றி யார் என்று கேட்டால், அவனும் அதே பதிலைச் சொல்கிறான். தன் வார்த்தையை இன்னொருவன் வாயில் கேட்டு பேட்மேன் உறைந்துபோகிறான். அதன் பிறகுதான் அவன் உருப்படியான காரியம் ஒன்றைச் செய்கிறான்: யாரையும் அடிக்காமல், வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குத் தீப்பந்தம் பிடித்து வழிகாட்டுகிறான்.

அவதாரம் வரும் என்று காத்திருந்தே பழகியவர்கள் நாம். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். நாம் என்ன செய்வோம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. லஞ்சம் வாங்கியவனைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்குத்தான் அந்தப் பழமொழி பயன்படுகிறது. தெய்வத்துக்குப் பதிலாகத் திரையில் 1996-இல் 'இந்தியன்' தாத்தா கத்தியோடு வந்தார். 2002-இல் 'ரமணா' வந்தார். லஞ்சம் வாங்குகிறவன் சாகும்போதெல்லாம் விசில் அடித்தோம். மறுநாள் பத்திரப் பதிவுக்குப் போனபோது, 'எவ்வளவு ஆகும்' என்று நாமே முந்திக்கொண்டு கேட்டோம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம் என்றும் அதில் இருக்கிறது. விசில் அடித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வீரனை வெறுக்கச் சொல்லவில்லை. படம் பாருங்கள், கை தட்டுங்கள், நானும் தட்டினேன். ஆனால் திரையரங்கில் தீர்ந்துபோகிற கோபத்தை நியாயம் என்று நம்பாதீர்கள். நமக்காக ஒருவன் அடித்துவிட்டான் என்ற திருப்தியோடு வெளியே வருகிறோமே, அந்தத் திருப்திதான் ஊழல்காரன் வாங்குகிற முதல் லஞ்சம். அதை ஒவ்வொரு முறையும் நாமே டிக்கெட் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம்.

உங்கள் தெருவில் போட்ட சாலைக்கு எவ்வளவு செலவானது, யாருக்கு ஒப்பந்தம், எந்தத் தேதியில் பணம் பட்டுவாடா ஆனது என்று கேட்க 2005-ஆம் ஆண்டிலிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் இருந்தால் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் யாரும் எழுந்து நின்று ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். இதற்கு முகமூடி வேண்டாம், சொந்த முகமே போதும். பேட்மேனுக்கு 176 நிமிடம் கொடுத்தீர்கள். உங்கள் ஊர்க் கணக்குக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.