வெறுந்தொட்டியும் வாய்மையும்

உண்மை பேசுதல் அறம் என்பதை எல்லாரும் ஒப்புவர். ஆயின், உண்மை சொன்னால் இழப்பு நேருமென அஞ்சும் சிறுவனிடம் அவ்வறத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன தகுதி வேண்டும்? சீன நாட்டுப்புறக் கதையொன்றைத் தழுவி, அமெரிக்க ஓவியர் டெமி எழுதி வரைந்து 1990ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி எம்ப்டி பாட்' என்னும் சிறுவர் படநூல் இவ்வினாவை எழுப்புகின்றது.

மூப்பெய்திய பேரரசர், தமக்குப்பின் அரியணை ஏறத் தக்கவரைத் தேர்ந்தெடுக்க நாட்டுச் சிறுவர்க்கெல்லாம் மலர்விதை வழங்குகிறார். ஓராண்டு கழித்துத் தம்மால் இயன்ற சிறந்ததைக் காட்டுபவரே அடுத்த அரசர் என்கிறார். மலர் வளர்ப்பதில் கைதேர்ந்த பிங் என்னும் சிறுவன் நாளும் நீர் வார்க்கிறான். பெரிய தொட்டிக்கு மாற்றுகிறான். வளமான மண்ணும் இடுகிறான். விதை முளைக்கவேயில்லை. குறித்த நாளில் மற்றவர் அழகிய மலர்களோடு அரண்மனைக்கு விரைய, பிங் வெறுந்தொட்டியோடு நாணி நிற்கிறான். தாம் தந்த விதைகள் யாவும் வேகவைக்கப்பட்டவை, முளைக்க இயலாதவை என்பதை அப்போதுதான் அரசர் வெளிப்படுத்துகிறார். மற்றவர் மலர்கள் வேறு விதையில் பூத்தவை. அரியணை பிங்குக்கே உரியதாகிறது.

வாய்மையைத் தேடியவர் தாமே உண்மையை மறைத்தது முறையா? தீதற்ற நன்மை விளையுமிடத்து வள்ளுவரும் பொய்ம்மைக்கு இடந்தருகிறார். ஆயினும், அவ்விதியொன்றைக் கொண்டே அரசரைக் குற்றமற்றவர் என்றல் இயலாது. தோற்ற சிறுவர் அவர் விரித்த வலையில் வீழ்ந்தவர் அல்லரோ? அவர் சொல்லை மீண்டும் நோக்குவோம். அவர் மலரைக் கேட்கவில்லை; இயன்ற சிறந்ததையே கேட்டார். வெறுந்தொட்டியோடு வந்தவனை ஒறுக்கவும் இல்லை. உண்மைக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தே சோதித்தார். அவர் செயலுக்கு அறத்தின் சார்பைத் தருவது இதுவே.

அவ்வழி திறந்திருந்ததைச் சிறுவர் அறியார். பிங்குக்கு அதனைக் காட்டியவர் அவன் தந்தை. முயற்சியில் குறைவைக்காதவன் அரசர்முன் நிற்க நாணவேண்டுவதில்லை என்று தேற்றி அனுப்பியவர் அவரே. அரசர் கண்டெடுத்த நேர்மை அவ்வீட்டில் விளைந்தது.

பிறர் விடையைப் பார்த்தெழுதி வரும் மாணவனும் வேற்று விதையைத் தன் தொட்டியில் நட்டவனே. அவனைக் கண்டித்தல் ஆசிரியர் கடமை. ஆனால், "முயன்றேன் ஐயா, விடை வரவில்லை" என்று வெற்றுத்தாளை நீட்டியவனை நாம் எவ்வாறு எதிர்கொண்டோம்? சோம்பலால் வெறுமையான தொட்டியும் உண்டு என்பது மெய்யே. அதனைப் பிரித்தறிய விடையை மட்டும் பார்த்தல் போதாது. அவன் எத்தனை முறை மண் மாற்றினான் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மாணவரிடம் வாய்மையைக் கேட்கும் உரிமை, வெறுந்தொட்டியை அச்சமின்றி இறக்கிவைக்க இடந்தருபவர்க்கே உண்டு.